குளிசை ஒவ்வாமையா என்று முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை: அம்மாவுக்குச் செய்யலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். அம்மாவுக்கு 58 வயது, வீடு திருகோணமலை உவர்மலையில். மே மாத நடுப்பகுதியில் காய்ச்சலும் தொண்டை நோவும் முழங்கால் உளைவும் வந்து, தனியார் கிளினிக் ஒன்றில் அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் 5 நாளைக்கும், கூடவே நோவுக்கு டைக்ளோபெனக், வயிற்று அமிலத்துக்கு ஒமெப்ரசோல், பரசிட்டமோல் என்றும் கொடுத்திருக்கிறார்கள். மருந்து தொடங்கி எட்டாம் நாள் நெஞ்சிலும் முதுகிலும் சிவந்த புள்ளிகள் கிளம்பி, கை கால் வரை பரவி, இரவெல்லாம் கடி. வாயில் புண் இல்லை, கண் சிவக்கவில்லை, தோல் கழரவில்லை. ஒரு கிழமை பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரோயிட் குளிசை குடித்து மாறியது. கிளினிக் கொப்பியில் ‘மருந்து ஒவ்வாமை’ என்று மட்டும் இருக்கிறது, எந்த மருந்து என்று இல்லை. இப்போது கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்க வேண்டும். பல் வைத்தியர் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்கிறார். கொழும்பில் இருக்கும் உறவினர், முதுகில் மருந்தை ஒட்டிப் பார்க்கும் பட்ச் டெஸ்ட் செய்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார். செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது, அம்மா இனி எந்த மருந்தைப் பயமில்லாமல் குடிக்கலாம் என்பது. செய்யலாம் என்றே சொல்வேன். ஆனால் அந்த இரண்டாவது விஷயத்துக்கு அந்தச் சோதனை தனியே பதில் தராது.

திருகோணமலையிலும் அதற்கு முன் வேறு ஊர்களிலும் தோல் கிளினிக்குகளில் பல வருடம் வேலை செய்தவன் நான். அம்மாவின் தோலை அப்போது நான் பார்க்கவில்லை, நீங்கள் படமும் எடுத்து வைக்கவில்லை. ஆகவே கீழே சொல்வது நீங்கள் எழுதிய வர்ணனை சரி என்று வைத்துக்கொண்டு சொல்வது. அம்மாவைப் பார்க்கிற வைத்தியர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இந்த ஒட்டுச் சோதனை புதிதாக வந்த ஒன்று என்று நினைக்க வேண்டாம். ப்ரெஸ்லாவ் நகரில் வேலை செய்த தோல் வைத்தியர் யோசெப் யாடாசோன் 1895 இல் இதை அறிவித்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் மருந்துதான்: பாதரச மருந்து பட்டுத் தோல் வெடித்த நோயாளிகளுக்கு, அதே பாதரசத்தைச் சிறிய இடத்தில் ஒட்டி அந்த எதிர்வினையைத் திரும்ப வரவழைத்துக் காட்டினார். பிறகு இந்தச் சோதனை நிக்கல், சீமெந்து, தலைமயிர்ச் சாயம் போன்றவற்றால் வரும் தொடு ஒவ்வாமைக்கே பெரும்பாலும் பயன்பட்டது. வாயால் குடித்த குளிசைக்கு இதைச் செய்வது அதிலிருந்து கிளைத்த வழக்கம். அதனால்தான் இதில் பலமும் பலவீனமும் சேர்ந்தே இருக்கின்றன. தோலில் படுகிற பொருளைத் தோலில் ஒட்டிப் பார்ப்பது நேர் வழி. குளிசையோ குடலில் கரைந்து, ஈரலில் உருமாறி, இரத்தத்தோடு தோலுக்கு வருகிறது. சில மருந்துகளில் ஒவ்வாமையைக் கிளப்புவது அந்த உருமாறிய பொருள்தான். அது முதுகில் ஒட்டிய தூளில் இருக்காது.

இன்னொன்று, இந்தச் சோதனை எல்லா ஒவ்வாமைக்கும் பொருந்தாது. மருந்து குடித்து ஒரு மணி நேரத்துக்குள் தடிப்புத் தடிப்பாக எழும்பி, உதடு வீங்கி, மூச்சு முட்டினால் அது வேறு வகை. அதற்கு ஊசி முனையால் குத்திப் பார்க்கும் சோதனையும் இரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. ஒட்டுச் சோதனை கண்டுபிடிப்பது டி அணுக்கள் என்கிற வெள்ளை அணுக்கள் மெதுவாகச் செய்கிற, நாட்கணக்கில் தாமதித்து வருகிற எதிர்வினையை. அம்மாவுக்கு வந்தது இந்தத் தாமத வகைதான் என்று தோன்றுகிறது.

எட்டாம் நாள் என்று எழுதியிருந்தீர்களே, நீங்கள் தந்ததில் எனக்கு மிகவும் உதவியது அந்தத் தகவல். இப்படிப் புள்ளி புள்ளியாகப் பரவுகிற மருந்துச் சிவப்பு, மருந்தை முதல் தடவை எடுக்கிறவர்களுக்குப் பொதுவாக 4 இலிருந்து 14 நாளுக்குள் வரும். அமொக்சிசிலின் ஐந்தாம் நாளே முடிந்துவிட்டது, அதற்கு மூன்று நாள் கழித்து வந்ததால் அது காரணமாக இருக்காது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. மருந்து நின்ற பிறகும் அந்த அணுக்கள் வேலையை முடித்துத்தான் ஓயும். எட்டாம் நாள் அமொக்சிசிலினுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

அம்மாவோ ஏழாம் நாள் சாப்பிட்ட இறால் குழம்பைக் குற்றம் சொல்கிறார். எங்கள் ஊரில் உடம்பில் எது எழும்பினாலும் முதலில் இறாலும் கணவாயும் கத்தரிக்காயும்தான் மாட்டும், எல்லாம் கிரந்திச் சாமான் என்று. இறால் ஒவ்வாமை உண்மையிலேயே உண்டு, ஆனால் அது சாப்பிட்டுச் சில நிமிடத்திலோ இரண்டொரு மணி நேரத்திலோ தடிப்பாக எழும்பி, பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். அடுத்த நாள் தொடங்கி ஒரு கிழமை நிற்கிற சிவந்த புள்ளிகளுக்கு இறாலைக் குற்றம் சொல்ல முடியாது. அம்மா முன்பெல்லாம் இறால் சாப்பிட்டு ஒன்றும் வராதவர் என்றால் அதை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

பரசிட்டமோலும் தப்பிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு தடவை தலையிடிக்குப் பனடோல் போட்டதாகவும் ஒன்றும் நடக்கவில்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சோதனையே வேண்டாம். மிச்சம் மூன்று: அமொக்சிசிலின், டைக்ளோபெனக், ஒமெப்ரசோல். இந்த வரிசையில்தான் என் சந்தேகமும் போகிறது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அது மருந்தே இல்லை. காய்ச்சலும் மூட்டு உளைவும் வந்து, பிறகு உடம்பில் சிவப்பு என்றால் டெங்கியும் சிக்குன்குன்யாவும் அப்படியே செய்யும். டெங்கியில் காய்ச்சல் விடும் நேரத்தில் சிவப்புப் பரந்து, நடுவில் வெள்ளைத் திட்டுகள் விட்டுத் தெரியும். அந்த நேரம் இரத்தம் பார்த்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். வைரஸ் காய்ச்சலோடு அமொக்சிசிலின் சேரும்போது வருகிற சிவப்பு, பிறகு அதே மருந்தை எடுத்தால் வராமலும் போகலாம். சுரப்பிக் காய்ச்சலில் இது நன்கு தெரிந்த விஷயம். அம்மாவுக்கு அப்படி நடந்ததா என்பதை இந்தத் தூரத்தில் இருந்து என்னால் சொல்ல முடியாது.

சரி, சோதனை எப்படி நடக்கும்? தொடு ஒவ்வாமைக்கு ஆயத்தமாக விற்கிற மருந்துத் தொகுதிகள் உண்டு. குளிசைகளுக்குப் பெரும்பாலும் அங்கேயே தயாரிக்க வேண்டும். நிறப்பூச்சு உள்ள குளிசை என்றால் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைக் கல்வத்தில் மாவாக அரைக்க வேண்டும். கரடுமுரடாக ஒரு துகள் இருந்தாலும் அது தோலைக் குத்திச் சிவக்க வைத்து ஆளை ஏமாற்றும். பிறகு வெள்ளை வஸ்லினில் 30 சதவீதம் வரும்படி குழைப்பார்கள்: 300 மில்லிகிராம் தூளுக்கு 700 மில்லிகிராம் வஸ்லின். சுத்தமான மருந்துப் பொருள் கிடைத்தால் 10 சதவீதம் போதும். குழைத்ததை 8 மில்லிமீற்றர் அகலமான அலுமினியக் கிண்ணங்களில் கடுகளவு வைத்து, பிளாஸ்டரோடு மேல் முதுகில் ஒட்டுவார்கள். பக்கத்திலேயே வெறும் வஸ்லின் வைத்த கிண்ணம் ஒன்றும் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க. ஒவ்வொன்றையும் சுற்றி அழியாத பேனையால் கோடு போடுவார்கள்.

48 மணி நேரம் கழித்து எடுத்து, உடனே பார்க்காமல் அரை மணி நேரமாவது பொறுப்பார்கள், பிளாஸ்டர் இழுத்த சிவப்பு அடங்க வேண்டும். அது முதல் வாசிப்பு. நாலாம் நாள் இரண்டாவது. அதிலும் ஒன்றும் இல்லாவிட்டால் ஏழாம் நாள் இன்னொன்று நல்லது. முதல் வாசிப்போடு முடித்துவிட்டால் பிந்தி வருபவை தவறிப்போகும். வெறும் தட்டையான சிவப்பு என்றால் சந்தேகம் என்று மட்டும் எழுதுவார்கள். சிவந்து தடித்தால் ஒரு கூட்டல் குறி, அதில் சிறு கொப்புளம் வந்தால் இரண்டு, பெரிய கொப்புளமாகச் சேர்ந்தால் மூன்று. இங்கே எங்கள் நிறத்துக்கு ஒரு சங்கதி உண்டு. புத்தகப் படங்களில் வெள்ளைத் தோலில் தெரிகிற அந்தச் சிவப்பு எங்கள் முதுகில் பழுப்பாகவோ ஊதா கலந்த கருமையாகவோதான் தெரியும், சிலருக்குக் கண்ணுக்கே தெரியாது. நான் ஆளை யன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நிறுத்தி, விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன். கோட்டுக்குள் தோல் கொஞ்சம் கெட்டியாகத் தட்டுப்பட்டால் அது உண்மையான எதிர்வினை. கிண்ணத்தின் விளிம்போடு வெட்டினாற்போல் நின்று, உரசல் காயம் மாதிரிக் காய்ந்து, அடுத்த வாசிப்பில் மங்கிவிட்டால் அது எரிச்சல், ஒவ்வாமை இல்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அமொக்சிசிலின் இடத்தில் தெளிவாகத் தடித்து, பக்கத்து வஸ்லின் சும்மா இருந்தால் விஷயம் கிட்டத்தட்ட முடிந்தது. அந்த மருந்தும் அதன் நெருங்கிய உறவுகளும் அம்மாவுக்கு வேண்டாம். அம்பிசிலின் கட்டாயம் சேரும். செபலெக்சின் என்ற இன்னோர் அன்டிபயோட்டிக்குக்கும் அம்பிசிலினுக்கும் மூலக்கூறில் பக்கச் சங்கிலி என்கிற பகுதி ஒன்றே, செபட்ரொக்சிலுக்கும் அமொக்சிசிலினுக்கும் அப்படித்தான், அதனால் அவற்றையும் ஒதுக்கச் சொல்வார்கள். மறுபக்கம், ஒன்றுமே வராவிட்டால் அதற்கு அர்த்தம் ‘தெரியவில்லை’ என்பதுதான். அம்மாவுக்கு வந்த மாதிரியான சாதாரணப் புள்ளிச் சிவப்பில், மருந்துதான் காரணம் என்று மற்ற வழியில் உறுதியானவர்களிலும் பாதிக்கும் குறைவானவர்களுக்கே ஒட்டுச் சோதனை காட்டிக் கொடுக்கிறது. ‘நெகட்டிவ்’ என்று எழுதிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்மசியில் அமொக்சிசிலின் வாங்கிக் குடிக்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

மருந்துக்கு மருந்தும் வித்தியாசம், நோய்க்கு நோயும் வித்தியாசம். வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெப்பின் ஒட்டுச் சோதனையில் நன்றாகவே பிடிபடும். யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கிற அலோபூரினோல் பெரிய ஒவ்வாமைகளை உண்டாக்குகிற மருந்து, ஆனால் முதுகில் ஒட்டினால் ஏறத்தாழ எப்போதும் ஒன்றும் காட்டாது. பிரான்சில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்து 2013 இல் வெளியிட்ட ஆய்வில் கடும் மருந்து ஒவ்வாமை வந்து தேறிய 134 பேருக்கு இதைச் செய்தார்கள். காய்ச்சலோடு முகம் வீங்கி ஈரலையும் தாக்குகிற டிரெஸ் என்ற வகையில் 64 சதவீதத்தினருக்குக் காட்டியது. சின்னச் சீழ்க்கொப்புளங்கள் கொத்தாக வருகிற வகையில் 58. தோல் உரிந்து விழுகிற ஸ்டீவன்ஸ் ஜோன்சன் வகையில் வெறும் 24. உயிருக்கே ஆபத்தான அந்த வகையில்தான் விடை மிகவும் தேவை, அங்கேதான் சோதனை மிகவும் கையை விரிக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒட்டுவதென்றால் மிகவும் நீர்த்த அளவில் தொடங்கி, கண்காணிப்போடு செய்ய வேண்டும். அம்மாவுக்கு வாயிலும் கண்ணிலும் ஒன்றும் இல்லை என்று எழுதியது எனக்கு ஆறுதல்.

ஒரே இடத்தில் வட்டமாகக் கருத்து, ஒவ்வொரு தடவை அந்தக் குளிசை போடும்போதும் அதே இடம் சிவந்து எரிகிற ஒரு வகையும் உண்டு, உதட்டிலோ கையிலோ அந்தரங்க இடத்திலோ. கோ-ட்ரைமொக்சசோல் என்ற அன்டிபயோட்டிக்கும் வலிக் குளிசைகளும் இதற்குப் பேர் போனவை. இதை வாசிக்கிற வேறு யாருக்காவது அப்படி இருந்தால், முதுகின் நல்ல தோலில் ஒட்டினால் ஒன்றும் தெரியாது. அந்தக் கறுப்பு வட்டத்தின் மேலேயே ஒட்ட வேண்டும், அதுவும் 24 மணி நேரத்திலேயே காட்டிவிடும். இதைச் செய்கிறவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

நேரம் பற்றி. தோல் முழுக்கச் சுகமாகி 6 கிழமைக்குப் பிறகு, 6 மாதத்துக்குள் செய்வது வழக்கம். டிரெஸ் வந்தவர்களுக்கு 6 மாதமாவது பொறுப்பார்கள். அம்மாவுக்கு இப்போது மூன்று மாதம், ஆகவே நேரம் சரி. பிரெட்னிசொலோன் நிறுத்தி ஒரு மாதமாவது போயிருக்க வேண்டும், அதுவும் போய்விட்டது. அதற்குள் வேறு எதற்காவது யாராவது ஸ்டீரோயிட் ஊசி போட்டால் கணக்கு மறுபடி தொடங்கும், முழங்காலுக்குப் போடுகிற ஊசியும் இதில் சேரும். கடிக்குக் குடிக்கிற செற்றிரிசின் போன்றவை இந்தச் சோதனையைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. முதுகில் ஸ்டீரோயிட் கிரீம் பூசக் கூடாது, வெயிலும் முதுகில் அதிகம் படக் கூடாது.

திருகோணமலையில் இதைச் செய்கிற யாரும் பேசியே ஆக வேண்டிய விஷயம் வியர்வை. கச்சான் காற்று அடிக்கிற இந்த மாதங்களில் மத்தியானம் வீட்டுக்குள் இருந்தாலே முதுகு நனையும். நனைந்தால் பிளாஸ்டர் ஓரம் கிளம்பும், கிண்ணம் தோலை விட்டுவிடும், பிறகு வருகிற நெகட்டிவுக்கு அர்த்தமே இல்லை. ஒட்டியிருக்கும் நாட்களில் முதுகில் தண்ணீர் படக் கூடாது; எடுத்த பிறகும் கடைசி வாசிப்பு முடியும்வரை கோடு அழியாமல் துண்டால் துடைத்துக்கொள்ளத்தான் வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணற்றுக் குளிப்பு, நிலாவெளிக் கடல், வீட்டுக் கிணற்றடி எல்லாம் அந்தக் கிழமைக்கு இல்லை. கடற்தொழில் செய்கிறவர்களுக்கு நான் தொழிலுக்குப் போகாத நாட்களாகப் பார்த்துத்தான் வரச் சொல்வேன், ஈர வலையைத் தோளில் போட்டால் எந்தப் பிளாஸ்டரும் நிற்காது. அம்மாவுக்கு அவசரம் இல்லை என்றால் ஐப்பசி பிறந்து மழை தொடங்கியதும் செய்யுங்கள். அப்போதும் ஆறு மாதக் கணக்குக்குள்தான் இருப்பீர்கள்.

தூரம் அடுத்த பிரச்சினை. முதலில் இங்கே பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் காட்டுங்கள், எங்கே அனுப்புவது என்று அவர்கள் சொல்வார்கள். கொழும்புக்கு என்று வந்தால் ஒட்ட ஒரு தடவை, எடுத்து வாசிக்க ஒரு தடவை, நாலாம் நாள் ஒரு தடவை, ஏழாம் நாள் இன்னொரு தடவை. ஒவ்வொன்றுக்கும் இரவு ரயிலில் போய் வருவது 58 வயது முழங்காலுக்குச் சரிவராது. அந்த உறவினர் வீட்டில் ஒரு கிழமை தங்க ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். திங்கட்கிழமை ஒட்டினால் புதன், வெள்ளி, அடுத்த திங்கள் என்று வரும், கிளினிக் நாளோடு ஒத்துப்போகிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

குளிசையை இடித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கையில் ஒட்டிப் பார்க்கலாமா என்று உங்கள் கேள்விக்குக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். சில மருந்துகள் அந்த அளவில் யாருடைய தோலையும் புண்ணாக்கும், கோல்கிசின் அப்படி ஒன்று. அரிதாகத்தான் என்றாலும், ஒட்டிய கொஞ்ச மருந்தே பழைய ஒவ்வாமையை உடம்பு முழுக்கக் கிளப்பிவிட்ட சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன.

ஒட்டுச் சோதனையில் ஒன்றும் வராவிட்டால் அதோடு முடிந்துவிடாது. ஊசி மருந்தாகக் கிடைக்கிற அம்பிசிலின் போன்றவற்றை நீர்த்துத் தோலுக்குள் சிறிது செலுத்தி ஒரு நாள், இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம். இது ஒட்டுச் சோதனையை விடக் கூடுதலாகப் பிடிக்கும். அதிலும் இல்லை என்றால், அம்மாவுக்கு வந்தது போன்ற இலேசான வகையில், ஆஸ்பத்திரியில் வைத்து அந்த மருந்தையே சிறிய அளவில் தொடங்கிக் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. குடிக்கலாமா என்ற கேள்விக்கு ஓரளவு நேர்ப்பதில் தருவது அந்தக் கடைசிப் படிதான். தோல் உரிந்தவர்களுக்கும் டிரெஸ் வந்தவர்களுக்கும் அதைச் செய்யவே கூடாது.

பல்லுக்கு இதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு தாளில் எழுதுங்கள்: மேலே மே மாதத் திகதிகள், கீழே ஒவ்வொரு மருந்தும் எந்த நாள் தொடங்கி எந்த நாள் நின்றது, புள்ளி எந்த நாள் எங்கே முதலில் தெரிந்தது, இடையில் எடுத்த நாட்டு மருந்து, பூசிய எண்ணெய், பாம் எதுவானாலும். மிஞ்சிய குளிசை அட்டைகள் வீட்டில் கிடந்தால் எறியாதீர்கள், சோதனைக்கு அதே கம்பனிக் குளிசை இருந்தால் நல்லது. அந்தத் தாளைப் பல் வைத்தியரிடம் காட்டி, அமொக்சிசிலின் வகையும் டைக்ளோபெனக்கும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். பல் பிடுங்குகிற எல்லோருக்கும் அன்டிபயோட்டிக் தேவைப்படாது. தேவை என்றால் மெட்ரோனிடசோல், அசித்ரோமைசின் போன்ற உறவில்லாத மருந்துகள் அவரிடம் உண்டு, எது என்பதை அம்மாவின் மற்ற வருத்தங்களையும் குடிக்கிற மருந்துகளையும் பார்த்து அவர் முடிவு செய்வார். நோவுக்குப் பனடோல் போதும். விறைப்பு ஊசி பற்றிப் பயப்படக் காரணம் எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை.